பூச்சி அரித்த வரி

சிற்றாற்றங்கரையில் படித்துறை மடம் என்று ஒரு சிறிய மடம் இருந்தது. ஆடி பிறந்துவிட்டால் அங்கே சாரல் விழும். அதை மழை என்று சொல்ல முடியாது. தோளில் கிடக்கும் துண்டைத் தொட்டுப் பார்த்துத்தான் நனைந்தோமா என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த நாட்களில் மடத்தில் எல்லோரும் பாதித் தூக்கத்தில் இருப்பவர்கள்போலவே நடமாடுவார்கள். கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்புவார்கள்.

மடத்துக்கு நிலம் நீச்சு இல்லை. ஒரு சுவடி இருந்தது. அதில் நூறு பாட்டு. பாடியவர் பெயர் யாருக்கும் தெரியாது. சுற்று வட்டாரத்தில் பிள்ளை பிறந்தாலும் பெரியவர் போனாலும் அந்தப் பாட்டுகளைத்தான் சொல்வார்கள். ஏடு படிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு எல்லாம் வாய்ப்பாடம்.

மடத்தின் தலைமையில் இருந்தவர் உலகம்மை. நாற்பத்தைந்து வயது. தலைமைக்கு வரும் முன் மடத்துக்குப் பூக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். பழைய குரு கண்ணை மூடும் முன் இவர் கையில் மடத்துச் சாவியைக் கொடுத்தபோது படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அதிகம் சுளித்தவர் நெல்லைநாயகம்.

நெல்லைநாயகம்தான் மடத்தில் ஏடு எழுதுகிறவர். அறுபத்து மூன்று வயது. நூறு பாட்டுக்கும் உரை எழுதியவர் என்ற பெருமை வேறு. பூக் கட்டுகிறவளிடம் கேட்க நமக்கு என்ன இருக்கிறது என்று ஒரு வருஷம் வீம்பாக இருந்தார். அடுத்த வருஷம் அவராகவே வந்து கீழே உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

ஆடி பத்தாம் நாள் காலை அவர் வந்தபோது உலகம்மை பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார். தலைமைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"தாயே, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க ஐயா."

"பொய்யில கட்டின வேண்டுதல் போய்ச் சேருமா?"

"யாரு கட்டினா?"

நெல்லைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உலகம்மை நாரை ஈரத்தில் நனைத்துக்கொண்டார்.

"கோமு எப்படி இருக்கா?"

கோமு நெல்லைநாயகத்தின் மனைவி. கோடை முழுக்கப் படுக்கைதான்.

"மூச்சு வாங்குது. ஆடி தாண்டாதுன்னுட்டாரு வைத்தியரு."

"அவளுக்கு ஏதும் வேணுமாமா?"

"எழுபத்தேழாம் பாட்டு. பக்கத்து வீட்டு ஆவுடைதான் தெனம் வந்து சொல்லுதா. ஆனா இவளுக்கு என் வாயால ஒரே ஒரு தடவ கேக்கணுமாம்."

"சொல்லுறதுதான?"

"வாய் வரமாட்டேங்கு தாயே."

உலகம்மை பூவைக் கீழே வைத்தார்.

"தொண்ணூத்தொம்பது பாட்டுக்குப் பக்கம் பக்கமா உரை எழுதினிய. ஒரு கொசு வந்தாக்கூட அதுக்கு மூணு அர்த்தம் சொன்னிய. எழுபத்தேழுக்கு மட்டும் என்ன எழுதினிய?"

நெல்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "பொருள் வெளிப்படை."

"அன்னைலருந்து எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

நெல்லைநாயகம் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் யாரிடமும் சொல்லாததை, சாரலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பழைய சுவடி நைந்துபோய், பெயர்த்து எழுத அவர் கைக்கு வந்த வருஷம் அது. எழுபத்தேழாம் பாட்டில் மூன்றாம் வரியைப் பூச்சி முழுசாகத் தின்றிருந்தது. அந்த நாளில் அந்தப் பாட்டை யாரும் சொல்லாததால் அந்த வரி எவர் வாயிலும் இல்லை. ஏடு எழுதுகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பூச்சி அரித்த இடத்தில் அத்தனை எழுத்துக்கு இடம் விட்டுவிட்டு மேலே போக வேண்டும். தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் தன் கையால் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. அவரும் இடம் விட்டார். அந்த வாரம்தான் அவருடைய ஒரே மகள் செண்பகம், ஏழு வயதுப் பிள்ளை, மூன்று நாள் காய்ச்சலில் போனாள்.

"காரியம் முடிஞ்ச மறுநா ஏட்ட எடுத்து வச்சு உக்காந்தேன் தாயே. வேற என்ன செய்ய? அப்படியே கண்ண அசந்துட்டேன். கனவுல வீட்டுல எல்லா விளக்கும் அணஞ்சு கெடக்கு. பிள்ள எங்கயோ நிக்கா. 'அப்பா, உங்க கை எங்க? உங்க கை எங்க?'ங்கா. முழிச்சுப் பாத்தா எழுத்தாணி கையில இருக்கு. ஓலையில என்ன எழுதியிருக்குன்னு தெரியல. மை தடவினாத்தான தெரியும். தடவினேன். விட்ட இடத்துல ஒரு வரி இருந்தது. எண்ணிப் பாத்தேன், இடத்துக்குச் சரியா இருந்தது."

"அழிக்கலியா?"

"மனசு வரல. கோமு அத ஒரு தடவ கேட்டா. அன்னைக்குத்தான் பிள்ள போனதுக்கப்புறம் சோறு தின்னா. பெறகு எப்படி அழிக்க? அவ சொல்லி நாலு பேரு, நாலு பேரு சொல்லி ஊரு. சாவு விழுந்த துட்டி வீட்டுலல்லாம் அந்தப் பாட்டத்தான் சொல்லுதாங்க. எல்லாருக்கும் அது சாமி வாக்கு. எனக்கு மட்டும் அது என் கையெழுத்து. நான் எழுதினத நானே சாமின்னு எப்படிக் கும்பிட? அதுலருந்து மத்த பாட்டும் ஒட்டல. உரை எழுதினேன், அவ்வளவுதான்."

இது உண்மைதான். மடத்தில் எழுபத்தேழாம் பாட்டு வரும்போதெல்லாம் நெல்லைநாயகம் எண்ணெய் எடுக்க எழுந்து போய்விடுவார். இருபத்திரண்டு வருஷமாக அந்த நேரம் பார்த்துத்தான் விளக்கில் எண்ணெய் தீரும். வீட்டில் ஆவுடை சொல்ல ஆரம்பித்தால் கொல்லைக்குப் போய்க் கிணற்றில் தண்ணீர் இறைப்பார். ராட்டினத்துக்கு எண்ணெய் போடவே மாட்டார். அதன் சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது.

உலகம்மை உள்ளே போய்ச் சுவடியை எடுத்து வந்து அவர் மடியில் வைத்தார்.

"ஆடிப்பெருக்குக்கு எட்டு நாள் இருக்கு. புதுசா எழுதுங்க. நூறு பாட்டும்."

"எழுபத்தேழு?"

"முறைப்படி எழுதுங்க."

"இடம் விட்டா?"

"விட்டு."

"ஊரு கேக்குமே தாயே. அந்த வரிய எங்கன்னு கேட்டா?"

"என்னயக் கைகாட்டுங்க."

"கோமுட்ட என்ன சொல்ல?"

"எட்டு நாள் பொறுக்கச் சொல்லுங்க."

வாசல் வரை போனவர் திரும்பினார். "பொறுப்பாளா?"

உலகம்மைக்கும் அது தெரியாது. அவர் பூவை எடுத்துக் கட்ட ஆரம்பித்தார்.

எட்டு நாளும் சாரல் விடவில்லை. நெல்லைநாயகம் கோமுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார். எழுத்தாணி ஓலையில் கீறும் சத்தமும் அவள் மூச்சுச் சத்தமும் சில நேரம் ஒன்றாகிவிடும். எது எது என்று தெரியாமல் கையை நிறுத்திக் கேட்பார். மூச்சு இருக்கும். மறுபடி எழுதுவார். பகலா மாலையா என்று தெரியாத வெளிச்சம். ஒரு தடவை கோமு கண்ணைத் திறந்து, "செண்பகம் வந்துட்டாளா?" என்றாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. "சாரல் விடட்டும்" என்றார்.

ஆறாம் நாள் எழுபத்தேழு வந்தது. இரண்டு வரி எழுதினார். இடம் விட்டார். நான்காம் வரி எழுதினார். பல் விழுந்த இடத்துக்கு நாக்கு போவதுபோலக் கண் அங்கேயே போய்க்கொண்டிருந்தது. பாட்டை மீண்டும் ஒருமுறை கொன்றுவிட்டோம் என்று நினைத்தார். அழுகை வந்தது. கோமு பார்த்துவிடுவாளே என்று மையைத் தடவுவதுபோல முகத்தைத் துடைத்துக்கொண்டார். முகமெல்லாம் கரியானதுதான் மிச்சம்.

ஆடிப் பதினெட்டு அன்று மத்தியானம் படித்துறை நிறைந்துவிட்டது. தூக்கில் புளிச்சோறும் தேங்காய்ச்சோறுமாக ஊரே வந்திருந்தது. அங்கே ஒரு வழக்கம். சுவடி நைந்துபோனால் புதிது எழுதி, ஆடிப்பெருக்கன்று புதியதை எல்லோர் முன்னும் படிப்பார்கள். படித்து முடித்ததும் பழையதை ஆற்றில் விட்டுவிடுவார்கள். புதியதைப் படிக்காமல் பழையதை விடக் கூடாது.

எப்போதும் படிப்பவர் ஓதுவார். ஏட்டைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். எல்லாம் வாயில் இருக்கும்போது ஏட்டை எதற்குப் பார்க்க வேண்டும்? அன்றும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாராக இருந்தார்.

உலகம்மை, "இன்னைக்கு எழுதினவரே படிக்கட்டும்" என்றார்.

நெல்லைநாயகம் பாதி எழுந்துவிட்டார். "தாயே, விளக்குல எண்ண..."

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். அவர் ஒரு வரி சொல்ல, கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. ஆற்றின் அக்கரை தெரியவில்லை. சாரலுக்குள் குரல் போய்ப் போய் வந்தது. அறுபது தாண்டியபோது பாதிப் பிள்ளைகள் தாய் மடியில் தூங்கிவிட்டன. பெரியவர்களிலும் சிலர் கண் மூடியபடிதான் சொன்னார்கள்.

எழுபத்தேழு வந்தது.

"ஆறு கடந்தேன், தாகம் கடக்கவில்லை."

சொன்னார்கள்.

"பேர்சொல்லி அழைக்கவும் பேரறியேன் ஐயா."

சொன்னார்கள்.

அடுத்தது ஓலையின் வெற்றிடம். நெல்லைநாயகம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் காத்திருந்தது. "எழுதினவருக்கே மறந்துபோச்சு" என்று யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியது. சாரல் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஏட்டை மூடிவிட்டு எழுந்து ஓடிவிடலாமா என்று நினைத்தார். கால் மரத்துக் கிடந்தது.

பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் எடுத்துக்கொடுத்தது. யாருடையது என்று தெரியவில்லை. இரண்டாம் சொல்லில் பத்துக் குரல் சேர்ந்தது. மூன்றாம் சொல்லுக்குள் படித்துறை முழுவதும் சேர்ந்துவிட்டது.

"விளக்கில்லா வீட்டினில் நீயும் என்கை தேடுவாய்."

நெல்லைநாயகம் நிமிர்ந்தார்.

அவர் எதையும் சொல்லும் முன்பே, "விடியும் மட்டும் என்னோடு விழித்திரு" என்று நான்காம் வரியையும் அவர்களே சொல்லி முடித்துவிட்டார்கள். மிச்சம் இருபத்து மூன்று பாட்டை எப்படிப் படித்தார் என்பது அவருக்கே தெரியாது.

கூட்டம் சோற்றுத் தூக்கைத் திறக்கப் போனது. உலகம்மை பழைய சுவடியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நெல்லைநாயகம் பின்னாலேயே இறங்கினார். இடுப்பளவு தண்ணீர், பதினெட்டுக்கே உரிய வேகம்.

"தாயே, அது நான் எழுதினது இல்ல."

"நீங்க என்ன எழுதினிய?"

"'விளக்கில்லா வீட்டினில் உன்கை நான் தேடுவேன்.' அப்படித்தான் எழுதினேன். பிள்ள கேட்டத அப்படியே எழுதினேன். மாத்திட்டாங்க."

"எப்பவோ மாறிட்டு. எனக்குத் தெரிஞ்சு இப்படித்தான் சொல்லுதாங்க."

"யாரு மாத்தினா?"

"யாரு கண்டா? எந்தத் துட்டி வீட்டுல எவ அழுதாளோ."

நெல்லைநாயகம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கனவு நினைவுக்கு வந்தது. விளக்கு அணைந்த வீட்டில் பிள்ளை கையைத் தேடியது மட்டும் இல்லை. அவரும் தேடினார். இருட்டில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, சுவரில் இடித்துக்கொண்டு, அந்தச் சின்னக் கையைத் தேடித் தேடித்தான் முழித்துக்கொண்டார். அதை அவர் எழுதவில்லை. கோமுவிடம்கூடச் சொன்னதில்லை. எட்டு நாள் முன்பு உலகம்மையிடமும் சொல்லவில்லை. அவருக்கே அது மறந்துபோயிருந்தது.

"நானும் தேடினேன் தாயே" என்றார். "அது இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

உலகம்மை சுவடிக் கட்டின் கயிற்றை அவிழ்த்தார். எழுபத்தேழாம் ஓலையைத் தனியே எடுத்து அவர் கையில் கொடுத்தார். அவர் அதை ஒரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டார். ஓலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. மற்ற ஓலைகளும் அதன் பின்னால் போயின.

"நீங்க எழுதினது போயிட்டா?"

"போயிட்டு."

"அவங்க சொன்னத நீங்க எழுதலல்லா?"

"இல்ல தாயே."

"பெறகென்ன? இனி வாய் வரும். கோமு காத்துக்கிட்டு இருக்கா, ஓடுங்க."