வாசல்வரை வந்த நாயுருவி

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் மட்டும் போதுமா, கேட்கக் காது வேண்டாமா? நாயுருவிக்குப் பேச்செல்லாம் நன்றாகத்தான் வந்தது. கேட்கத்தான் ஆளில்லை.

மலைப்பாதை ஒன்று சடாரென்று திரும்புகிற வளைவில், பாறையிடுக்கில் இருந்த ஒரு பிடி மண்ணில் அது தனியாக நின்றது. ஒரு பக்கம் பாதை. மறுபக்கம் கிடுகிடு பள்ளம். பள்ளத்துக்கு அப்பால் சுவர் எழுப்பியது போல ஒரு மொட்டைப் பாறை. அந்தக் காலத்து நாயுருவியை இன்று கொண்டுவந்து காட்டினால் உங்களுக்கு அடையாளமே தெரியாது. நீண்ட கதிரில் மணிகள் எல்லாம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கும். கையால் உருவினால் வழுவழுவென்று இருக்கும். முள் கிடையாது, யாரையும் பிடித்து நிறுத்துகிற சாமர்த்தியமும் கிடையாது.

ஒவ்வொரு வருடமும் மழைக்குப் பிறகு மணிகள் முற்றும், உதிரும், தன் காலடியிலேயே விழும். அந்த ஒரு பிடி மண்ணில் தாய்க்கே இடம் பற்றவில்லை, பிள்ளைகளுக்கு எங்கே போவது? முளைத்ததெல்லாம் நாலு இலை விட்டு வாடிப்போகும். நாயுருவி மறுபடியும் தனியாக நிற்கும்.

பக்கத்து எருக்கஞ்செடிக்கு அந்தக் கவலை இல்லை. காய் வெடித்ததும் அதன் விதைகள் பஞ்சைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடும். ஒருநாள் நாயுருவி வெட்கத்தை விட்டுக் காற்றிடம் கேட்டது.

"காத்தண்ணே, என் மணியையும் கொஞ்சம் தூக்கிக்கிட்டுப் போயேன்."

"பஞ்சு இருக்குதா? இறக்கை இருக்குதா? ஒண்ணுமில்லாம வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தா நான் எதைப் பிடிச்சுத் தூக்கறது?" என்று காற்று சலித்துக்கொண்டது. பழம் தின்ன வந்த கொண்டைக்குருவியிடமும் கேட்டுப் பார்த்தது. அது நாயுருவியின் கதிரை ஒரு கொத்து கொத்திவிட்டு, "உன்கிட்ட தின்ன என்ன இருக்குது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பறந்துவிட்டது. அதற்குப் பிறகு நாயுருவி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

அதற்கு இருந்த ஒரே ஆறுதல் ஐப்பசி மாதம்தான். அடைமழை கொட்டித் தீர்த்துவிட்டு வானம் கொஞ்சம் வெறித்ததும், அடிவாரத்து ஊர்க்காரர்கள் நடக்கப் பழகிய பிள்ளைகளை எல்லாம் கூட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். பிள்ளை தன் காலாலேயே நடந்து உச்சிச் சுனைக்குப் போய், ஒரு கை தண்ணீர் குடித்துவிட்டு வரவேண்டும். ஊரில் பிறந்த எல்லோருக்கும் அந்தச் சுனைத் தண்ணீர் ஒரு தடவையாவது தொண்டையில் இறங்கியிருக்கும்.

சிறுபிள்ளைகளோடு மலை ஏறுவது என்றால் சும்மாவா? பெரியவர்கள் வெற்றிலை மென்று முடிக்கிற நேரத்தில் போகிற தூரத்துக்குப் பிள்ளைகளுக்கு அரைநாள் வேண்டும். ஒரு மரவட்டையைத் தொட்டு அது சுருள்வதைப் பார்க்கவேண்டும். அது விரிகிறவரை காத்திருந்து மறுபடியும் தொடவேண்டும். சிவப்புப் பட்டுப்பூச்சியை உள்ளங்கையில் ஏற்றிக்கொள்ளவேண்டும். பொறுக்கிய கூழாங்கற்களை எல்லாம் அப்பாவின் மடியில் கட்டவேண்டும். அதில் ஒன்று குறைந்தாலும் அழுகை. அந்தக் கூச்சலும் சிரிப்பும் வளைவைக் கடந்து போகிறவரை நாயுருவி மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும். போன பிறகு வருகிற அமைதிதான் அதற்குத் தாங்காது.

அந்த ஊருக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அடிவாரம் தாண்டியதும் எந்தப் பிள்ளையையும் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. திரும்பி இறங்கி வருகிறவரை எல்லாப் பிள்ளையும் 'குஞ்சு'தான். மலை பொல்லாதது, பேர் காதில் விழுந்தால் தானும் கூப்பிடத் தொடங்கிவிடும், பிள்ளை எந்தக் குரலுக்குப் போகும் என்பார்கள்.

அந்த ஐப்பசியில் அத்தாயி என்கிற பெண்ணும் அவள் புருஷன் மொட்டையனும் தங்கள் மகள் பவளாயியைக் கூட்டிவந்தார்கள். மழலை இன்னும் முழுசாகத் தீராத பிள்ளை. அம்மாவின் பழைய சீலையைக் கிழித்து உடுத்திவிட்டிருந்தார்கள். அது முழங்காலுக்குக் கீழே தொங்கி இழுபட்டது.

வளைவில் வந்ததும் பவளாயி நின்றுவிட்டாள். அவள் உயரமும் நாயுருவியின் உயரமும் ஒன்று. அவள் காதுக்கு நேராக ஒரு கதிர் ஆடியது.

"வா பாப்பா," என்றது நாயுருவி, யாரும் கேட்கப்போவதில்லை என்ற நினைப்பில்.

"வந்துட்டேன்," என்றாள் பவளாயி.

நாயுருவிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இத்தனை காலமும் பெரியவர்களின் இடுப்புக்குக் கீழேயே பேசிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது.

"நீ இங்க ஒத்தையாவா இருக்கே?" என்று கேட்டாள் பவளாயி.

"ஆமா."

"உங்கம்மா?"

"இல்லை."

"அப்ப எங்க வீட்டுக்கு வா. எங்கம்மா தினைமாவு தரும்."

"எனக்குக் கால் இல்லையே பாப்பா."

"எங்கப்பா தூக்கிக்குவாரு. எனக்குக் கால் வலிச்சா தூக்குவாரில்ல?"

"யாருகிட்டடி பேசறே? நட குஞ்சு, பொழுது போவுது," என்று பின்னாலிருந்து அத்தாயி அதட்டினாள். பவளாயி கதிரை ஒரு தடவை தடவிவிட்டு, "இரு, வர்றப்ப கூட்டிக்கிட்டுப் போறேன்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாயுருவி அன்று முழுவதும் நின்றது. மேலே சுனைப் பக்கமிருந்து பிள்ளைகளின் சத்தம் இறங்கி வந்தது. நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீரே இனிக்கிறது என்று அதிசயப்பட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். "பிள்ளைங்க பேச்சு, மறந்துடும்," என்றது எருக்கு. மறந்துவிடும் என்றுதான் நாயுருவியும் பயந்துகொண்டிருந்தது.

பிற்பகலில் மஞ்சு இறங்கியது. மலைக்காரர்கள் பனிமூட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள். பாதை மறைந்தது, மரம் மறைந்தது, எருக்கஞ்செடியும் மறைந்துபோனது. ஊர்க்காரர்கள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினார்கள். மொட்டையனின் தோளில் இருந்த பவளாயி, "இறக்கிவிடு, இறக்கிவிடு," என்று அடம்பிடித்து இறங்கினாள். வளைவு பக்கத்தில் வந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மொட்டையன் தன் மடியிலிருந்து சிந்திய கூழாங்கற்களைப் பொறுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் அவள் ஓடியே போய்விட்டாள்.

"குஞ்சு!" என்று கூப்பிட்டாள் அத்தாயி.

"என்னா?" "ஓய்!" "இங்கதான் இருக்கேன்!" என்று மஞ்சுக்குள்ளிருந்து எல்லாப் பிள்ளைகளும் பதில் சொன்னார்கள். அன்று அத்தனை பேரும் குஞ்சு அல்லவா? அதில் தன் பிள்ளையின் குரல் இருக்கிறதா, இல்லையா? அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி எல்லோரும் பதில் சொன்னார்கள். பெற்ற வயிறு எத்தனை நேரம் பொறுக்கும்? அத்தாயி கட்டுப்பாட்டை மறந்துவிட்டாள்.

"பவளாயீ!"

அந்த நேரம் பவளாயி நாயுருவியின் பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். மூச்சு வாங்க, "வா, போலாம்," என்று சொல்லி வாய் மூடவில்லை, பள்ளத்துக்கு அப்பால் இருந்த மொட்டைப் பாறை தெள்ளத்தெளிவாக அழைத்தது.

"பவளாயீ!"

பிள்ளை திரும்பிவிட்டாள். "எங்கம்மா அங்க இருக்குது."

"அது உங்கம்மா இல்லை பாப்பா. அது பாறை. போகாதே."

"எங்கம்மா கூப்பிடுது." அவள் பள்ளத்தைப் பார்த்து அடி எடுத்து வைத்தாள்.

நாயுருவி கத்தியது. இடுப்புக்கு மேலே எட்டாத குரல், மலைக்கு எங்கே எட்டப்போகிறது? பாசி படிந்த பாறையில் பிஞ்சுக் கால் வழுக்கியது. இழுபட்டுக்கொண்டிருந்த சீலை, நாயுருவியின் கதிர்களை உரசிக்கொண்டு கீழே சரிந்தது. வழுவழுப்பான மணிகள். எதையும் பிடிக்கத் தெரியாத மணிகள். துணி நழுவிக்கொண்டே போனது.

அப்போது நாயுருவிக்கு வேறு எந்த நினைப்பும் இல்லை. தன்னிடம் முதன்முதலாகப் பேசிய உயிர் போகிறது, அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. கையில்லாத செடி அது. தன் உடம்பில் இருந்த பலத்தை எல்லாம் திரட்டி மணிகளுக்கு அனுப்பியது. ஒவ்வொரு மணியும் ஒரு நகமாகக் கூர்ந்து துணியில் இறங்கிப் பிடித்தது. பிள்ளையின் பாரம் இழுத்த இழுப்பில், வானத்தைப் பார்த்திருந்த மணிகள் எல்லாம் தலைகீழாக மடங்கித் தண்டோடு ஒட்டிக்கொண்டன. வேர் பாறையிடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக அறுந்தது. வலி தாங்கவில்லை. ஆனாலும் விடவில்லை.

பவளாயி வீரிட்டு அழுதாள். அழுகை வந்த திசையில் மொட்டையன் தவழ்ந்து வந்து, ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் மகளை வாரி எடுத்தான். எடுத்த வேகத்தில் கதிர்கள் எல்லாம் முறிந்து அவள் துணியோடு போய்விட்டன. வளைவில் வெறும் தண்டுதான் மிச்சம். நாயுருவியின் உயிர் மணிகளோடு கிளம்பிவிட்டது.

முதன்முதலாக அது வளைவைத் தாண்டியது. கேட்டு மட்டுமே இருந்த பாதையைப் பார்த்தது. அத்தாயி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். பவளாயி அப்பாவின் தோளில் முகம் புதைத்திருந்தாள். அவள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது ஒவ்வொரு மணிக்கும் கேட்டது. நாயுருவிக்கு அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. 'அப்பா தூக்கிக்குவாரு' என்று பிள்ளை சொன்னது நிஜமாகிவிட்டதே!

வீட்டுக்கு வந்து சேரும்போது விளக்கு வைக்கிற நேரம். கதவு திறந்திருந்தது. உள்ளே வீட்டுப் பெரியவர்கள் மூட்டிவைத்த அடுப்பின் வெளிச்சம் தெரிந்தது. இன்னும் ஓரடி வைத்தால் உள்ளேதான். அத்தாயி வாசலிலேயே உட்கார்ந்து மகளை மடியில் போட்டுக்கொண்டாள்.

"சனியன், உடம்பெல்லாம் ஒட்டிக்கிட்டு வந்திருக்குது பாரு," என்று ஒரு மணியைப் பிய்த்து வேலியோரம் வீசினாள்.

"அம்மா, வீசாதே," என்றாள் பவளாயி அரைத்தூக்கத்தில். "அதுக்கு யாருமில்லம்மா. வீட்டுக்குக் கூட்டியாறேன்னு சொன்னேன்."

"சரி, சரி, தூங்கு."

பிள்ளை தூங்கிவிட்டாள். பிள்ளை கிடைத்துவிட்டாள் என்பதைத் தன் கைக்கே சொல்லிக்கொள்வது போல, அத்தாயி அவள் உடம்பைத் தடவித் தடவி ஒவ்வொரு மணியாக எடுத்து வீசினாள். பிள்ளையைத் தனக்குப் பிடித்துக் கொடுத்தது எது என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வீசியிருக்கமாட்டாள். கடைசி மணியும் போனபிறகு மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவிடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் கொஞ்சநேரம் இருந்தது. பிறகு அதுவும் அணைந்தது.

அடுத்த மழைக்கு வேலியோரம் நாயுருவி முளைத்தது. ஒன்றல்ல, வரிசையாக. வாடிப்போகாத பிள்ளைகளோடு நின்றும் அதற்கு வீட்டு வாசலைப் பார்த்தபடியே இருக்கத் தோன்றியது. மறு ஐப்பசியில் பவளாயி கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தாள்.

"பாப்பா," என்றது நாயுருவி. "நான்தான். வந்துட்டேன்."

பிள்ளை ஒரு வருடத்தில் நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். அவள் காது இப்போது கதிருக்கு மேலே இருந்தது. கொழுந்து ஒன்றைக் கிள்ளிப் போட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு நாயுருவி வாய் திறக்கவே இல்லை.

அதன் மணிகள் தலைகீழாகத் தொங்குவதும், மலை இறங்கிவரும் பிள்ளைகளின் துணியை விடாமல் பிடித்துக்கொள்வதும், தாய்மார்கள் பிள்ளையை மடியில் போட்டு அதை ஒவ்வொன்றாக எடுப்பதும் பவளாயி மலை ஏறிய அந்த ஐப்பசியில் தொடங்கிய வழக்கம்தான். இன்றுவரை அது வாசல்வரை வருகிறது. உள்ளே வா என்றுதான் இன்னும் யாரும் கூப்பிடவில்லை.