இருபத்து மூன்று பல் சக்கரம்

வெகு காலத்துக்கு முன்னால் நெல்வேலம் என்ற சீமையை அதிவீரகேது என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான், ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. அவனிடம் ஒரு வெண்கல மயில் இருந்தது. தண்ணீர் விழ விழ உள்ளே பல்சக்கரங்கள் சுழலும். நாழிகைக்கொரு தரம் மயில் தோகை விரிக்கும். ஒரு நாள் உள்ளங்கை அகலத்தில் இருபத்து மூன்று பல் வைத்த சக்கரம் ஒன்று உடைந்து மயில் நின்றது. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஊரில் வடிவுடையாள் என்ற கன்னாத்தி தன் வீட்டுக் கொல்லையிலேயே பட்டறை போட்டுப் பித்தளை வேலை செய்து வந்தாள். அவள் கெட்ட நேரம், அடுத்த வீடு அரசவைப் பண்டிதர் அம்பலத்தரையருடையது. சத்தம் தாங்கவில்லை, பட்டறையை மூடுங்கள் என்று அவர் ராஜாவை நச்சரித்துக்கொண்டே இருந்தார். சத்தமாவது மண்ணாவது! அவள் பேர் ஊரில் பரவியது அவருக்குப் பொறுக்கவில்லை.

ராஜா மயிலையும் இந்த வழக்கையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். பத்து நாளில் பண்டிதரும் வடிவுடையாளும் ஆளுக்கொரு சக்கரம் செய்ய வேண்டும். அவளுடையது ஓடினால் பட்டறை இருக்கும், ஓடாவிட்டால் பூட்டு. அவளுக்கும் அவள் பெண்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பட்டறைதானே கஞ்சி ஊற்றுகிறது?

பண்டிதர் முதலில் உடைந்த சக்கரத்தைக் களிமண்ணில் பதித்து வார்த்தார். ஆறினால் உலோகம் சுருங்காதா? சக்கரம் இளைத்து வந்தது. சரி, அளந்தே அறுப்போம் என்று கவராயத்தை எடுத்து வட்டத்தைப் பங்கு போட்டார். எட்டோ பதினாறோ என்றால் பாதி பாதியாக வகிரலாம். இருபத்து மூன்று யாருக்கு அடங்கும்? மிச்சமெல்லாம் சேர்ந்து கடைசிப் பல் பூசணிக்காயாகப் பருத்தது. அரத்தால் ராவி மறைத்துவிட்டார்.

வடிவுடையாள் மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள், நீளமான செப்பு நாடாவில் இருபத்து மூன்று சம அளவு குறித்து, மிச்சத்தை நறுக்கி எறிந்தாள். வண்டிச் சக்கரம் போலப் பெரிதாக ஒரு மரச் சக்கரம் கடைந்து, நாடாவின் இரு முனையும் தொடும்வரை அதை இழைத்து, விளிம்பில் நாடாவைச் சுற்றினாள். அதே அச்சில் சின்னப் பித்தளைத் தட்டைப் பொருத்தினாள். பெரியதில் ஒவ்வொரு கோடும் பக்கத்தில் அடித்திருந்த ஒரு முளைக்கு நேரே வந்ததும் நிறுத்தி, சின்னதில் ஒரு பள்ளம் அறுத்தாள்.

சபையில் பண்டிதரின் சக்கரத்தைப் பூட்டினார்கள். மயில் விக்கிவிட்டு நின்றது. அவளுடையதைப் பூட்டியதும் தோகை விரிந்தது. ராஜா கைதட்டினான்.

பண்டிதர் விடுவாரா? கணக்குத் தெரியாதவள் செய்ததில் தப்பில்லாமல் இருக்காது என்று குதித்தார்.

"தப்பு இருக்கிறது மகாராஜா," என்றாள் வடிவுடையாள். "நாடா சேருமிடம் ஒரு நெல் அகலம் விலகிவிட்டது. அந்தப் பல் எது என்று ஐயா காட்டட்டும். காட்டினால் பட்டறையை நானே பூட்டுகிறேன்."

பண்டிதர் சக்கரத்தை மயிலில் இருந்தபடியே சுற்றிச் சுற்றிப் பார்த்து, வேர்த்து விறுவிறுத்து, ஒரு பல்லைத் தொட்டார். கழற்றிப் பார்த்தால், பின்பக்கம் அவள் கீறி வைத்திருந்த அடையாளம் எதிர்ப்பக்கத்துப் பல்லில் இருந்தது. சபை சிரித்துத் தீர்த்தது.

அந்தத் தப்பு எங்கே போயிற்று என்று ராஜா கேட்டான்.

"வட்டத்தைப் பங்கு போட்டால் மிச்சம் விழும். நான் பங்கைப் போட்டுவிட்டு வட்டத்தை அதற்குத் தக்கபடி இழைத்தேன். பெரிய சக்கரத்தில் நெல்லாக இருந்த தப்பு, சின்னதுக்கு வரும்போது மயிரிழை ஆகிவிட்டது. மனுஷரிடம்தான் தலைகீழ், மகாராஜா. பெரியவர்கள் நெல்லளவு தவறினால் எங்கள் தலையில் மலையாக விழுகிறது."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. ஒருவன் பொறாமைக்காக ஒரு குடும்பத்தின் சோற்றுக்குப் பூட்டுப் போட இருந்தோமே என்று வெட்கப்பட்டான். தன் கைக்காப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தான். அந்தப் பட்டறையை மூட இனி ராஜாவுக்கே அதிகாரமில்லை என்று செப்பேடு எழுதச் சொன்னான். அதைச் சபையில் உரக்கப் படிக்கும் வேலை அம்பலத்தரையருக்கு விழுந்தது.

வடிவுடையாள் அதைக் கேட்க நிற்கவில்லை. அரண்மனைக்கு இன்னும் நாலு சக்கரம் வேண்டுமாம். வீட்டுக்குப் போய்ப் பட்டறை அடுப்பை மூட்டிவிட்டாள்.