இரண்டாவது டேக்

ஹாலிஸ் மெர்ரிக் அமெரிக்காவில் நாற்பது வருடம் சினிமா எடுத்தவர். குதிரையும் துப்பாக்கியுமாக இருபத்தாறு கௌபாய் படங்கள். எழுபது வயதில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, அரிசோனா பாலைவனத்தில் மிரியம் என்ற துறவியிடம் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு.

தியானத்தில் அவரால் உட்கார முடியவில்லை. ஒரு நாள் காலை குருவிடம் சொன்னார்:

"கண்ணை மூடினால் ஒருவர் பாறையிலிருந்து விழுகிறார்."

"யார்?"

"என் படத்தில் ஹீரோவுக்கு டூப் போட்டவர். குதிரையோடு பாறையிலிருந்து ஆற்றில் குதிக்க வேண்டும். முதல் டேக்கே நன்றாக வந்தது. பாறை விளிம்பில் புழுதி சரியாகக் கிளம்பவில்லை என்று மறுபடி குதிக்கச் சொன்னேன். 'குதிரை மிரண்டிருக்கிறது சார்' என்றார். 'குதிரையா, நீயா?' என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். குதித்தார். முதுகெலும்பு முறிந்தது."

"படத்தில் எந்த டேக் இருக்கிறது?"

ஹாலிஸ் தலை குனிந்தார்.

"இரண்டாவது டேக். தியேட்டரில் அந்த இடத்தில் கை தட்டினார்கள். எனக்கு விருதும் கிடைத்தது."

"அவர் பெயர்?"

வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. காதுவரை முகம் சிவந்தது.

"தெரிந்துகொண்டு வாருங்கள்," என்றார் மிரியம்.

பழைய ஸ்டண்ட் ஆட்களை ஒவ்வொருவராகத் தேடி விசாரித்துவிட்டு, இரண்டு மாதம் கழித்து ஹாலிஸ் திரும்பினார்.

"டெல்பர்ட் ஓக்ஸ். உயிரோடு இருக்கிறார். டெக்சாஸில் ஒரு சின்ன ஊர். போயிருந்தேன்."

"என்ன சொன்னார்?"

"நான் அவரிடம் பேசவே இல்லை. அவர் வீட்டுக்கு எதிரே காரிலேயே உட்கார்ந்திருந்தேன். சக்கர நாற்காலியில் வெளியே வந்தார். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் விட்டார். பேத்தி ஏதோ சொன்னாள், சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாமென்று வந்துவிட்டேன்."

"அதற்காகத்தானா பேசாமல் திரும்பி வந்தீர்கள்?"

ஹாலிஸ் கையிலிருந்த கார் சாவியை மேசைமேல் வைத்தார்.

"இல்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டால் அவர் முகம் எப்படி மாறும் என்று நினைத்தேன். காரிலிருந்து இறங்கவே முடியவில்லை."

"அவர் உங்களைப் பார்த்தாரா?"

"இல்லை. நான்தான் பார்த்தேன்."

மேசைமேல் அவர் வைத்திருந்த கார் சாவியை எடுத்து மிரியம் அவர் கையில் கொடுத்தார்.

"நாற்பது வருடம் கேமராவுக்குப் பின்னாலிருந்து நீங்களே பார்த்துவிட்டீர்கள். இந்த முறை அவர் உங்களைப் பார்க்கட்டும்."