ஒரு சைபர் குறைந்த விடை

தங்கபுஷ்பம் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், தலைக்கு நூறு கிராம் அரிசி என்றால், அமைப்பாளர் பேனாவைத் தேடி எடுப்பதற்குள் "இருபத்தொரு கிலோ இருநூறு" என்று சொல்லிவிடுவாள். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், சரக்கு இருக்கிறதே.

ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தாள். அமைப்பாளர் இந்த வருடம் ஓய்வு பெறுகிறார். இம்முறை தேறினால்தான் அந்த வேலைக்கு அவள் மனுப் போட முடியும். அதனால் தன்னைவிடப் பத்து வயது இளையவரான கணக்கு ஆசிரியர் ஜெபசிங்கிடம் மாலையில் படித்து வந்தாள்.

அன்று மாதிரித் தேர்வு. உருளை வடிவப் பாத்திரம். ஆரம் பதினான்கு செ.மீ., உயரம் இருபது. கன அளவு என்ன?

தங்கபுஷ்பம் 1232 என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். ஐந்து மதிப்பெண்ணுக்குச் சுழி வந்தது.

"என்ன சார், 12320 வரணும். கடைசில ஒரு சைபர் விட்டுப்போச்சு. அதுக்காக மொத்த மார்க்கையும் பிடிச்சா எப்படி?"

"வழி எழுதலையேக்கா."

"வழியெல்லாம் கணக்கு தெரியாதவங்க எழுதுறது. அடுப்படில நான் என்னைக்காவது எழுதிப் பாத்தா அரிசி போட்டேன்? எனக்குத் தெரியும்னு உங்களுக்கே தெரியும்லா?"

"நல்லாத் தெரியும்."

"பிறகென்ன?"

ஜெபசிங் வாதாடவில்லை. ஒரு தாளை மூன்றாகக் கிழித்தார். மூன்றிலும் தன் கையாலேயே 1232 என்று எழுதினார்.

"ஒருத்தருக்கு வழி தெரியும், சைபரை விட்டுட்டார். இன்னொருத்தருக்குக் கன அளவுன்னா என்னன்னே தெரியாது. மேல் வட்டத்தோட பரப்பையும் அடி வட்டத்தோட பரப்பையும் கூட்டி வச்சிட்டார். மூணாவது ஆள் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பாத்தவர்."

தங்கபுஷ்பம் மனதுக்குள் அந்த இரண்டு வட்டங்களையும் கூட்டினாள். அறுநூற்றுப் பதினாறு, இரண்டு தடவை. அச்சாக அதே 1232.

ஜெபசிங் சீட்டுகளைக் கலைத்து மேஜையில் பரப்பினார்.

"இதுல உங்க சீட்டை எடுங்கக்கா. அஞ்சுக்கு நாலு போட்டுத் தாரேன்."

அவள் கை ஒரு சீட்டுக்குப் போனது. அடுத்ததற்கு நகர்ந்தது. பிறகு மடிக்கே திரும்பியது.

"மூணும் ஒண்ணுபோல இருந்தா, எது என்னோடதுன்னு எப்படி சார் சொல்ல?"

"உங்க சீட்டு உங்களுக்கே தெரியல," என்றார் ஜெபசிங். "பேப்பர் திருத்துறவர் உங்களைப் பாத்ததே இல்லையேக்கா."