முயல் ஒட்டிக்கொண்ட முட்கள்

ஈச்சங்காட்டின் நடுவே ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் கோரைப்புல் அடர்ந்து வளர்ந்திருந்தது. பொழுது சாயும் நேரத்தில் மருதி என்ற முயல் அங்கே புல் மேய வரும். சடைச்சி என்ற முள்ளம்பன்றி கோரைக்கிழங்கு தோண்ட வரும்.

மருதி ஒரு வாய் புல்லைக் கடிக்கும். உடனே தலையைத் தூக்கிப் பார்க்கும். காதை முன்னே திருப்பும், பின்னே திருப்பும். பிறகுதான் அடுத்த வாய். பாதி வயிறு நிறைவதற்குள் கழுத்து வலித்துவிடும்.

சடைச்சி அப்படி இல்லை. குனிந்தால் குனிந்ததுதான். கிழங்கு தீரும்வரை நிமிராது. நறுக் நறுக்கென்று மென்று தின்னும்.

அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மருதிக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டது. "ஏன் சடைச்சியக்கா, உனக்குப் பயமே கிடையாதா?"

"பயம் இல்லாம இருக்குமா!" என்றது சடைச்சி. "நான் ஓடினா ஆமைகூட முந்திடும். உன் கால் மாதிரி எனக்குக் கால் இருந்தா, இந்த முள்ளை எல்லாம் எதுக்குச் சுமக்கப்போறேன்? படுத்தாலும் உறுத்துது, திரும்பினாலும் உறுத்துது!"

சடைச்சி உண்மையாகத்தான் சொன்னது. ஆனால் மருதி காதில் அது பெருமை பேசுவதுபோல விழுந்தது.

'உறுத்துதாம்! இருக்கிறவங்க இப்படித்தான் சலிச்சுக்குவாங்க!' என்று நினைத்துக்கொண்டது.

மருதிக்கு மூன்று குட்டிகள் பிறந்தன. அவற்றைப் புல்லுக்குள் மறைத்து வைத்திருந்தது. நான்காம் நாள் ஒரு காட்டுப்பூனை வந்து ஒன்றைத் தூக்கிப்போய்விட்டது. மேய்ச்சலுக்குப் போயிருந்த மருதி திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது; தூரத்தில் நின்று பார்க்கத்தான் முடிந்தது.

அன்று மாலையே சடைச்சி தன் பிள்ளையை அழைத்துக்கொண்டு குளத்துக்கு வந்தது. அந்தப் பிள்ளை நடுவழியில் ஆடி ஆடி நடந்து வந்தது. எந்தப் பூனையும் அதன் அருகே வரவில்லை.

மருதிக்குக் கண் கலங்கியது. அதன் கோபம் பூனை மேல் போயிருக்க வேண்டும். பூனையிடம் போக அதற்குத் துணிச்சல் இல்லை. அதனால் கோபம் சடைச்சி மேல் திரும்பியது.

மறுநாள் காலை மருதி சூரை முட்புதருக்குள் புகுந்து ஓடியபோது காது கிழிந்தது. ரத்தம் வழிய வெளியே வந்தது. எதிரே வழியில் ஒரு முள் கிடந்தது. சடைச்சி நடந்து போனபோது தானாக உதிர்ந்த முள். மருதி அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு அதை வாயில் கவ்விக்கொண்டு குளத்தை நோக்கி ஓடியது.

"ஐயோ! கேட்பாரில்லையா! சடைச்சி என்மேல முள்ளை வீசிட்டா! என் காதைப் பாருங்க!"

விலங்குகள் எல்லாம் நாவல் மரத்தடியில் கூடிவிட்டன. கடமான் வேலப்பன்தான் அந்தக் குளத்துக்குத் தலைவர். தலையில் இரண்டு முழக் கொம்புடன் நடுவில் நின்றார்.

"முள்ளை வீசவும் முடியுமா?" என்று கேட்டார் வேலப்பன்.

"முடியுமாவா!" என்றது ஒரு பெண்மயில். "கோபம் வந்தா ஒரே நேரத்தில பத்து முள் பறக்குமாமே!"

"நீ பார்த்தியா?"

"நான் பார்க்கலை. எல்லாரும் சொல்றாங்க!"

காட்டுச்சேவல் முன்னால் வந்தது. "உடம்பெல்லாம் முள் வச்சிருக்கிறவ மனசில என்ன இருக்கும்? யாரைக் குத்தலாம்னுதானே இருக்கும்!"

இதைச் சொன்னபோது சேவலின் இரண்டு காலிலும் இருந்த கூர்முள் வெயிலில் பளபளத்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

சடைச்சியை வரச் சொன்னார்கள். அது வரும் வழியெல்லாம் வாலைக் கலகலவென்று ஆட்டிக்கொண்டே வந்தது. யாரும் தெரியாமல் வந்து மோதிவிடக் கூடாதே என்று அது எப்போதும் அப்படித்தான் செய்யும். ஆனால் அன்று, "பாருங்க, வரும்போதே மிரட்டுறா!" என்று மயில் கத்தியது.

"அண்ணே, எனக்கு முள்ளை வீசத் தெரியாது," என்றது சடைச்சி. "உங்க உடம்பில ரோமம் உதிர்ற மாதிரி எனக்கு முள் உதிருது. என்னைக் கடிக்க வந்தவங்களைத் தவிர நான் யாரையும் குத்தினதில்லை. தண்ணி குடிக்கக்கூட எல்லாரும் போன பிறகுதானே வர்றேன்!"

"அது ஏன் எல்லாரும் போன பிறகு வர்றே? என்ன திட்டம் போடுறே?" என்றது சேவல்.

சடைச்சி கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தது. கடைசியில் மருதியைப் பார்த்தது. மருதி தலையைத் தாழ்த்திக்கொண்டது.

வேலப்பன் தீர்ப்புச் சொன்னார். "நீ ஓடைக்கு அந்தப் பக்கம் பாறைமேட்டுக்குப் போயிடு. இனிமே குளத்துப் பக்கம் வரக் கூடாது!"

சடைச்சி பிள்ளையை அழைத்துக்கொண்டு வறண்ட ஓடையைத் தாண்டிப் போனது. பாறைமேட்டில் தண்ணீர் கிடையாது. தாயும் பிள்ளையும் கற்றாழையைக் கடித்து நாக்கை நனைத்துக்கொண்டன.

கோரைக்கரை முழுவதும் மருதிக்கே கிடைத்தது. நறுக் நறுக் சத்தம் இல்லை. மருதி சந்தோஷமாகப் புல்லில் வாய் வைத்தது. ஒரு வாய் தின்றது. தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னொரு வாய் தின்றது. மறுபடி தூக்கிப் பார்த்தது.

சடைச்சி போய்விட்டது. மருதியின் பயம் மட்டும் போகவில்லை.

மூன்று நாள் யோசித்த பிறகு மருதிக்கு ஒன்று புரிந்தது. 'அவ போகணும்னா நான் ஆசைப்பட்டேன்? அவகிட்ட இருக்கிறது எனக்கு வேணும்னுதானே ஆசைப்பட்டேன்!'

உடனே சடைச்சியின் பழைய வளைக்குப் போனது. உள்ளே உதிர்ந்த முட்கள் நிறையக் கிடந்தன. அவற்றை வெளியே இழுத்துப் போட்டது. வேலமரத்தடியில் வடிந்து கிடந்த பிசினில் புரண்டது. பிறகு முட்களின் மேல் புரண்டது. சில முட்கள் நேராக ஒட்டின. சில குறுக்கே ஒட்டின. ஒன்று அதன் விலாவிலேயே குத்தியது. ஆனாலும் மருதி தண்ணீரில் தன் நிழலைப் பார்த்துச் சொக்கிப்போனது.

அன்று குளத்தில் மருதியைக் கண்டு அணில் விலகியது. ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

"தள்ளு, தள்ளு! நான் முதல்ல குடிக்கணும்!" என்றது மருதி. ஒரு சருகுமான் விலகச் சற்றுத் தாமதமானது. மருதி வேண்டுமென்றே அதன் மேல் இடித்துக்கொண்டு போனது. சருகுமான் வலி தாங்காமல் துள்ளி ஓடியது.

மருதிக்குச் சிரிப்பு வந்தது. பிறந்தது முதல் அது யாரையும் பயமுறுத்தியதே இல்லை. அந்த ருசி அதற்கு மிகவும் பிடித்துவிட்டது.

அதே பெருமையோடு குட்டிகளுக்குப் பால் கொடுக்கப் போனது. அம்மாவைக் கண்டதும் இரண்டு குட்டிகளும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. மறுநொடி பெரிய குட்டி வீரிட்டு அலறியது. ஒரு முள் அதன் கன்னத்தில் ஏறிவிட்டது!

"அழாதே கண்ணு! அழாதே!" மருதி பதறியது. கிட்டே போனால் இன்னொரு முள் குத்துமே என்று தள்ளி நின்றது. சொந்தக் குட்டியைத் தொட முடியவில்லை.

அலறல் சத்தம் கேட்டு ஒருவன் வந்தான். அதே காட்டுப்பூனை!

"அட! முயலுக்கு முள் முளைச்சிருக்கே!" பூனை சற்றுத் தயங்கி நின்றது.

வேறு நாளாக இருந்தால் மருதி குறுக்கே பாய்ந்து ஓடியிருக்கும். பூனை அதைத் துரத்திப் போயிருக்கும். குட்டிகள் தப்பியிருக்கும். முயலுக்குத் தெரிந்த வழி அதுதான். ஆனால் அன்று மருதி ஓடவில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு, சடைச்சியைப் போலச் சிலிர்த்தது.

வெயிலில் பிசின் இளகியிருந்தது. ஒரு முள் விழுந்தது. இன்னொன்று விழுந்தது. பிறகு மொத்தமாகப் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

பூனை விழுந்த முள்ளை ஒரு காலால் உருட்டிப் பார்த்தது. "இவ்வளவுதானா!" என்று பதுங்கியது.

அப்போது புதருக்குப் பின்னால் கலகலவென்று சத்தம் கேட்டது. சடைச்சி மூச்சிரைக்க ஓடிவந்து குட்டிகளுக்கும் பூனைக்கும் நடுவே நின்றது.

"விலகிப் போ!" என்று காலைத் தரையில் உதைத்தது.

பூனை நகரவில்லை.

"சொல்றேன், கேளு! போயிடு!" மறுபடி உதைத்தது. வால் இன்னும் வேகமாகக் கலகலத்தது.

பூனை இடப்பக்கம் சுற்றியது. சடைச்சியும் சுற்றியது. "மூணாவது தடவையா சொல்றேன்! போ!"

பூனை பாய்ந்து ஓங்கி ஓர் அறை அறைந்தது. அறைந்த காலில் இரண்டு முட்கள் தைத்தன. "மியாவ்!" என்று அலறிக்கொண்டு நொண்டி நொண்டித் திரும்பியது.

"விடாதே! துரத்து! குத்திக் கொல்லு அவனை!" என்று கத்தியது மருதி.

சடைச்சி அசையவில்லை. "போறவனை எதுக்குக் குத்தணும்? அவன் போகணும்னுதான் நின்னேன். போயிட்டான்."

பிறகு குட்டியிடம் மெதுவாக வந்தது. தன் முட்கள் படாமல் முகத்தை மட்டும் நீட்டியது. கன்னத்தில் இருந்த முள்ளைப் பல்லால் பற்றி ஒரே இழுப்பில் எடுத்தது.

மருதி குட்டியை அணைத்துக்கொண்டு கேட்டது. "உன்னை விரட்டினது நான்தான். நீ எதுக்கு வந்தே?"

"கத்துறது யாரோ ஒரு குட்டின்னு மட்டும்தான் அங்கே கேட்டுச்சு," என்றது சடைச்சி.

மறுநாள் மருதி தானாகவே நாவல் மரத்தடிக்குப் போனது. முதுகில் பிசின் இன்னும் திட்டுத் திட்டாக இருந்தது.

"நான் சொன்னது பொய். என் காதைக் கிழிச்சது சூரைமுள். சடைச்சி எதையும் வீசலை."

"ஏன் பொய் சொன்னே?" வேலப்பன் உறுமினார்.

"என் குட்டி போச்சு. அவ குட்டி நல்லா இருந்துச்சு. என்னால அதைப் பார்க்க முடியலை!" மருதி விம்மி அழுதது.

வேலப்பன் தன் கொம்பை நாவல் மரத்தில் ஒருமுறை உரசினார். "போன வருஷம் என் கொம்பால ரெண்டு பேரைக் கிழிச்சேன். என்னை யாரும் ஓடைக்கு அந்தப் பக்கம் போகச் சொல்லலை," என்றார். சேவல் தன் கால்களைப் புல்லுக்குள் மறைத்துக்கொண்டது.

வேலப்பனே பாறைமேட்டுக்குப் போய்ச் சடைச்சியை அழைத்து வந்தார். சடைச்சியும் பிள்ளையும் வயிறு முட்டத் தண்ணீர் குடித்தன. குடித்து முடித்த பிறகு சடைச்சி மருதியிடம் வந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நீ மேயுற நேரத்தில நான் பக்கத்தில நின்னிருப்பேனே, மருதி!"

காது கிழிந்ததைவிட அந்த வார்த்தை மருதிக்கு அதிகமாக வலித்தது.

பிறகு சடைச்சி எல்லாரையும் பார்த்துச் சொன்னது. "என் பின்னால மட்டும் குட்டிகளை விளையாட விடாதீங்க. முள் முள்தான். நான் பார்த்து நடந்துக்கிறேன், நீங்களும் பார்த்து நடந்துக்கோங்க."

மயில் மட்டும் அதற்குப் பிறகும் சடைச்சியைக் கண்டால் பத்தடி தள்ளியே நடந்தது. மற்றவர்களுக்குப் பார்த்து நடப்பது பழகிப்போயிற்று. மருதியின் பெரிய குட்டிக்குக் கன்னத்தில் ஒரு சின்ன வடு நிலைத்துவிட்டது.

தற்காப்புக்கு ஆயுதம் வைத்திருப்பவர் எல்லாம் கொடியவர் அல்ல, அது இல்லாதவர் எல்லாம் நல்லவரும் அல்ல; ஒருவரை அவருடைய நடத்தையைக் கொண்டு எடைபோட வேண்டுமே தவிர, நம் பொறாமையைக் கொண்டு எடைபோடக் கூடாது.