நகம் வளரும் வரை

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசை இந்த நிமிடமே உதிர்ந்து மடியில் விழட்டும். விழவில்லை, பார்த்துக்கொண்டீர்கள் அல்லவா?

"ரிப்பேர் பண்ணினாப் போதுமா, எஞ்சினையே மொத்தமாக் கட்டணுமா? ஒண்ணு சொல்லு அம்மணி."

கேட்டவர் பொங்கியண்ணன், அறுபது வயது லாரிக்காரர். பதில் சொல்ல வேண்டியவள் சங்ககிரியில் பட்டறை வைத்திருக்கும் மயிலாத்தா. அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள்.

தொப்பூர் ஏற்றத்தில் எஞ்சின் கொதித்துவிட்டது. அவசரத்தில் அவர் பச்சைத் தண்ணீரை ஊற்றினார். 'மடார்' என்று ஒரு சத்தம். தர்மபுரி வரைக்கும் அடைகாத்த கோழிகள் எழுந்து ஓடின.

மூன்று பட்டறைக்காரர்கள் பார்த்தார்கள். மூன்று விதமாகச் சொன்னார்கள். அவர் ஒருவரையும் நம்பவில்லை.

மொத்தமாகக் கட்டினால் மிச்சமிருக்கும் ஒரே விவசாயக் காட்டை விற்க வேண்டும். ஒட்டுப்போட்டு ஓட்டினால், சிமெண்ட் மூட்டைகளோடு அதே ஏற்றத்தில் நின்றுவிட்டால்? கண்ணை மூடினாலே லாரி பின்னால் உருண்டது.

மயிலாத்தா திறந்து கிடந்த ஆறு சிலிண்டர்களையும் காட்டினாள்.

"ஆறுலயும் கீறல் இருக்குதுங்கண்ணா. குறுக்கே நகத்தை இழுத்துப் பாருங்க. மாட்டுனா உள்ள இருக்கற அந்த லைனர் குழாய் போச்சு. வழுக்குனா இன்னும் உழைக்கும்."

"இவ்வளவுதானா!"

பொங்கியண்ணன் கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தார். விரல்களைப் பார்த்தார்.

கவலையில் பத்து நகங்களையும் கடித்துத் தின்றிருந்தார். கால் நகத்துக்கும் குனிந்திருப்பார். தொப்பை விடவில்லை.

"நகமே இல்லையே அம்மணி. நீயே பாரேன்."

"வளரட்டுங்க."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

அவள் ஒரு தொட்டி நிறைய டீசலையும், எஞ்சினின் நட்டு போல்ட்டு அத்தனையையும் முன்னால் வைத்தாள்.

"கழுவுங்க."

கழுவினார். பழக்கதோஷத்தில் ஒரு தடவை விரல் வாய்க்குப் போனது. மூன்று நாளைக்கு அவர் விட்ட ஏப்பத்தில் புகை வந்தது. பக்கத்துப் பட்டறைக்காரன் சைலன்சர் வாங்கித் தருவதாகச் சொன்னான். அப்புறம் விரல் அந்தப் பக்கமே போகவில்லை.

"கழுவியாச்சு அம்மணி."

"மறுக்காக் கழுவுங்க."

நான்காவது தடவைக்கு ஒவ்வொரு போல்ட்டும் எங்கே உட்காரும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆறாவது தடவைக்குப் பாட்டு வந்தது. டீ குடித்தார். மத்தியானம் வேப்பமரத்தடியில் குறட்டை விட்டார். லாரி உருளவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். பிறை மாதிரி நகம்.

"போய்ப் பாருங்க."

ஒன்று, வழுக்கியது. இரண்டு, மூன்று, வழுக்கின. நான்கில் 'டிக்' என்று மாட்டியது. ஐந்தும் ஆறும் வெண்ணெய்.

"நாலாவது மட்டும்தான் அம்மணி! அதை மாத்துனாப் போதும்!"

மயிலாத்தா அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே ஒரு லைனர். ஒன்றே ஒன்று. சுற்றியிருந்த செய்தித்தாள் மூன்று வாரம் பழசு.

"அடிப்பாவி! அன்னைக்கே பார்த்துட்டயா?"

"பார்த்தேனுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

"ஏத்தத்துல வண்டி ஓட்டப்போறது நானுங்களா?"

பொங்கியண்ணன் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார்.

இதை யார் சொன்னது என்று மட்டும் சங்ககிரிப் பக்கம் வாயைத் திறந்துவிடாதீர்கள். மயிலாத்தாவுக்குப் பத்து நகமும் இருக்கிறது.