தாளாளரின் ஆண்டு விழா உரை

எங்கள் காலேஜ் தாளாளர் ரத்தினசபாபதிக்கு ஒருநாள் ஞானம் பிறந்தது. "கணக்கு வழக்கு படிக்கிற பிள்ளைகளுக்கு இலக்கியம் எதுக்கு? எண் போதும்!" என்று பி.காம் பிரிவின் இலக்கிய வகுப்பை ஒரே கையெழுத்தில் தூக்கிவிட்டார்.

ஆண்டு விழா வந்தது. அவருக்கு வழக்கமாக உரை எழுதித் தருபவள் பி.காம் மாணவி தெய்வானைதான். மேடை ஏறும்வரை அதைப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அமைச்சர் முன்னால் மைக்கைப் பிடித்துத் தாளைப் பிரித்தார். கட்டிடம் 4. பேருந்து 11. மாணவர் 2,316. மொத்தம் 2,331.

"என்னம்மா இது? பேச்சு எங்கே?" என்று மேடையோரம் நின்றவளிடம் பல்லைக் கடித்தார்.

"எண் போதும்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க. கூட்டிப் பார்த்துட்டேன், சரியா இருக்கு."

மைக் அதையும் ஊருக்குச் சொன்னது. வேர்த்துக் கொட்ட, ரத்தினசபாபதிக்குச் சொந்தமாக வந்தது ஒரே வாக்கியம்: "திங்கக்கிழமையிலேர்ந்து இலக்கிய வகுப்பு உண்டு."

அவர் பேச்சுக்கு யாரும் சொல்லிவைக்காமலேயே கூட்டம் கை தட்டியது அன்றைக்குத்தான்.